வாவிக்கரையில் அம்மா நட்ட தடி

சளி பிடித்த மகளின் மார்பில் யூக்கலிப்டஸ் தைலத்தைப் பூசியதும், இலங்கைத்துறையில் எங்கள் சிறிய அறை அந்த மலைநாட்டு வாவிக்கரைப் பூங்காவாகிவிட்டது. இப்போது அங்கே பூங்கா இல்லை, பெரிய விடுதியொன்று நிற்கிறதாம்.

கடல் ஊருக்குள் ஏறி வந்து எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு, அம்மா தண்ணீர்ப் பக்கமே போகாதிருந்த நாட்களில்தான் அப்பா எங்களை அங்கே கூடாரமடித்துத் தங்கக் கூட்டிப்போனார். யூக்கலிப்டஸ் சருகுகள் காலடியில் நொறுங்க, மலையிலிருந்து இறங்கிய பனி கூடாரத் துணியை நனைக்க, நாங்கள் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்த அந்த மாலையில், அம்மா மட்டும் தண்ணீர் விளிம்பில் ஒரு தடியை நட்டுவிட்டு, தண்ணீர் அதைத் தாண்டி ஏறுகிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள்.

“இது வாவி, எழும்பி வராது. வாரும், படுப்பம்” என்றார் அப்பா.

“கடலும் இப்பிடித்தானே கிடந்தது” என்றாள் அம்மா.

விடிந்தபோது தண்ணீர் தடியைத் தாண்டியிருக்கவில்லை; அவள் கணுக்கால் தண்ணீரில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் தடியைப் பிடுங்கி, தேத்தண்ணி அடுப்புக்குள் செருகினாள். ஈரத்தடி புகைய, ஊதி ஊதிக் கண் சிவந்தபடியே அப்பாவிடம் சொன்னாள்: “பழைய வளவிலையே வீட்டைக் கட்டுவம். வாசல் கடலைப் பாத்தபடி இருக்கட்டும்.”