கண்மாய்க் காலனியில் அம்மா

என் அம்மா சீனித்தாய் கடைசி ஏழு வருடம் கோவில்பட்டிக்கு வெளியே, கண்மாயைத் தூர்த்துக் கட்டிய காலனியில் இருந்தாள். சுற்றிலும் மதில், வாசலில் காவலாளி. வீட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு நான் சென்னையில் வேலை பார்த்தேன். அங்கே அவளோடு பேசியவர் பக்கத்து வீட்டு ராதாமணி ஒருவர்தான்.

நான் தீபாவளிக்கு வந்திருந்தபோது பெருமழை. வடிகிற வழியை மதில் அடைத்திருந்ததால் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் குலவை போட்டு வரவேற்பார்கள். அம்மா படியில் நின்று குலவை போட்டுவிட்டாள்.

“யக்கா, எங்க கட்டிலே முங்குது. ஒங்களுக்குக் குலவை கேக்குதோ?” என்று கத்தினார் ராதாமணி.

“தண்ணியப் பாத்ததும் வாய் தானா போட்டுட்டு, தாயி.”

ராதாமணி கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகி, வாளியோடு போய்க் கதவைத் தட்டினாள்.

“ஏசுததை அப்புறம் ஏசு. மொதல்ல தண்ணிய எறைப்போம்.”

மாலைவரை இறைத்தார்கள். அவர் வீட்டில் அடுப்பு நனைந்திருந்தது. கோபம் தணியாமலே எங்கள் வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்.

போன மாதம் எனக்குப் போன் செய்தவரும் அவர்தான். அழுகைக்கு நடுவிலும் ஏசினார்: “ஒங்கம்மை எங்கிட்டகூடச் சொல்லாமப் போயிட்டாவ.”