லிஸ்டு ரேட்டு

குளிர்தான் முதலில் காலில் பட்டது. வழவழவென்ற வெள்ளைத் தரை, ஊற்றி வைத்த தண்ணீர்போல மேலே எரிந்த விளக்குகளைத் தனக்குள் காட்டிக்கொண்டு கிடக்க, அதன்மேல் நாங்கள் மூன்று பேரும் வெறுங்காலோடு நின்றோம். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அப்பா கண்ணாடிக் கதவைத் தள்ளினார். "போட்டுக்கிட்டே வாங்க சார், பரவாயில்ல" என்று கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஓடிவந்து சொல்லியும் அப்பா கேட்கவில்லை. அவரைப் பார்த்து அம்மாவும், அம்மாவைப் பார்த்து நானும். அப்போது நான் ஏழாம் வகுப்பு. சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் புதிதாகத் திறந்திருந்த கார் ஷோரூம் அது. தீபாவளி சீசன் முடிந்து, அப்பாவுக்கு வரவேண்டிய பணமெல்லாம் வந்து சேர்ந்திருந்த கார்த்திகை மாதம். மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் அன்றைக்கே முடிவாக வேண்டியிருந்தது.

கார் அம்மாவுக்காக. அவளுடைய முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன. பஸ் படி ஏற முடியாது, அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார முடியாது. காரியாபட்டியில் அவளைப் பெற்ற தாத்தா படுக்கையில் இருந்தார். அவருக்குக் காது கேட்காததால் போனும் உதவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாயசைப்பைப் பார்க்கும்படி மெதுவாகப் பேச வேண்டும். வாடகைக் காரில் இரண்டு முறை போய்வந்தோம். இரண்டு முறையும் டிரைவர் "வெயிட்டிங்" ஏறுகிறது என்று வாசலில் ஹாரன் அடிக்க, அம்மா பாதிப் பேச்சில் கையை உருவிக்கொண்டு எழுந்து வந்தாள். இரண்டாவது முறை வந்த பிறகுதான் அப்பா டிரைவிங் பள்ளியில் சேர்ந்தார்.

இனி அப்பாவின் தொழிலைச் சொல்ல வேண்டும். சிவகாசியில் அவருக்கு ஒரு சிறிய அச்சகம். பட்டாசுக் கம்பெனிகளுக்கு விலைப்பட்டியல் அடிப்பதுதான் அங்கே முக்கிய வேலை. எங்கள் ஊர்ப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நூறு என்று போட்டிருக்கும் பெட்டியை யாரும் நூறுக்கு விற்பதில்லை, யாரும் நூறுக்கு வாங்குவதுமில்லை; தள்ளுபடிக் கழிவெல்லாம் போக முப்பதுக்கோ முப்பத்தைந்துக்கோ கைமாறும். போன வருஷப் பட்டியலில் எல்லா விலையையும் கூட்டி, அதற்குத் தக்கபடி கழிவையும் கூட்டி அடித்துத் தரச் சொல்லும் ஆர்டர்களை அப்பா சிரித்துக்கொண்டே வாங்குவார். "போட்டிருக்கிற விலையில முக்காவாசி மைக்குத்தான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. வாழ்நாள் முழுக்க விலையை அச்சடித்த மனிதர், அச்சில் கண்ட எந்த விலையையும் நம்பியதில்லை.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. விலை படியவில்லையென்றால் எழுந்துவிடுவார். வாசல்படி தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டால் சரி. கூப்பிடாவிட்டால் அந்தக் கடைக்குள் மறுபடி கால் வைக்க மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய ஒரு பீரோவும், தேக்குக் கட்டிலும் அப்படித்தான் வராமலே போயின.

டை கட்டிய இளைஞரின் பெயர் செல்வம். நாற்காலி போட்டு, குளிர்பானம் கொடுத்து, வழவழப்பான ஒரு தாளை அப்பா முன்னால் வைத்தார். அப்பா முதலில் தாளின் ஓரத்தை விரலால் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "நல்ல அடிப்பு" என்றார். அதன் பிறகுதான் விலையைப் படித்தார். இரண்டரை லட்சத்துக்கு மேல்.

"சரி தம்பி. இது லிஸ்டு ரேட்டு. குடுக்கிற ரேட்டு எம்புட்டு?"

"இதான் சார் ரேட்டு. கம்பெனி ரேட்டு."

"கம்பெனி எல்லாம் நமக்கும் தெரியும். கழிவு எம்புட்டு?"

"கழிவே கிடையாது சார்."

அப்பா சிரித்தார். நல்ல வியாபாரி கடைசிவரை அப்படித்தான் சொல்வான் என்பது அவர் எண்ணம். நிதானமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எழுபத்தஞ்சாயிரம்" என்றார்.

செல்வம் கையில் வைத்திருந்த பேனாவைக் கீழே போட்டார். குனிந்து எடுத்து நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார், இந்த வண்டியோட நாலு டயரும் சீட்டும்கூட அந்த விலைக்கு வராது."

"எந்த ஊரு தம்பி நீ?"

"இங்கன பக்கத்துல ஆமத்தூர்தான் சார்."

"ஆமத்தூர்க்காரன் எங்கிட்டயே லிஸ்டு ரேட்டு சொல்லுதியேலே!"

அந்த "லே"யில் இருவருக்கும் நடுவே இருந்த ஏதோ ஒன்று உடைந்தது. அதன்பின் செல்வம் அவரை "சார்" என்று கூப்பிடவில்லை. "அண்ணாச்சி, சாமி சத்தியமா இது பட்டாசு லிஸ்டு இல்ல அண்ணாச்சி" என்றார். மேனேஜர் அறைக்குப் போய்வந்து, சீட் கவரும் மிதியடியும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். "மிதியடிய வாங்கி எங்க வீட்டு வாசல்லயா போடச் சொல்லுத?" என்றார் அப்பா. அப்பா கேட்ட எழுபத்தைந்து ஒரு லட்சமாகி, ஒன்றேகாலாகி, ஒன்றரைக்கு வந்தது. தாளில் இருந்த விலை இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படி ஒரு விலையை அப்பாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா எழுந்தார்.

செல்வம் கூப்பிடுவாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கூப்பிடுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. வாசல்வரை போன அப்பா, செருப்பைத் தேடும்போதுதான் அம்மா பின்னால் வரவில்லை என்பதைக் கண்டார்.

அம்மா காருக்குள் இருந்தாள். பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, காட்சிக்கு நின்ற வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்து அவளாக ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கைப்பையை மடியில் வைத்து, நேரே பார்த்தபடி, ஏற்கனவே பாதி வழி போய்விட்டவள்போல இருந்தாள்.

"ஏ, எந்திரி. போவோம்."

"நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன்."

"பேசி முடிச்சாச்சு. படியல."

அம்மா இறங்கவில்லை. அப்பா வாசலிலிருந்து திரும்பி வந்து, காரின் கூரையில் கை வைத்துக் குனிந்தார். அவர் பார்த்தது அவள் முகத்தை அல்ல, கால்களை. எங்கே ஏறினாலும் இரண்டு கையாலும் ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைப்பவள் அவள்.

"நீயாவா ஏறின?"

"ஆமா."

"வலிக்கலையா?"

"இதுல வலிக்கல."

அப்பா கூரையிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தார். பிறகு, எழுந்த நாற்காலிக்கே திரும்பி வந்தார். அவர் அப்படித் திரும்பி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். தாளைத் தன் பக்கம் இழுத்து, அதில் அச்சடித்திருந்த விலையின்மேல் விரலை வைத்து, "இதுல போட்டிருக்கிறதையே போடு தம்பி" என்றார்.

செல்வத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "மிதியடி, சீட் கவர் உண்டு அண்ணாச்சி" என்றார் மெல்ல.

"அத மறந்திராத" என்றார் அப்பா.

அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரளவு கண்ணாடியும் குளிர்காற்றும் தண்ணீர்த் தரையும் எனக்கு அதுவரை காட்டியிராத பிரம்மாண்டத்தை, மை படிந்த நகங்களோடு தாளின்மேல் நகர்ந்த அந்தக் கை காட்டியது.

வீடு திரும்பும் ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே, "முக்காவாசி மைக்குத்தானே?" என்று கேட்டாள்.

"இது நல்ல மை" என்றார் அப்பா.

மார்கழி பிறப்பதற்கு முன்பே வண்டி வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டிக்குப் போனோம். அம்மா தாத்தாவின் கையைப் பிடித்து உட்கார்ந்தவள், அவர் பேசிக் களைத்துத் தூங்கிய பிறகும் எழவில்லை. அப்பா வாசலில் காரை நிழலில் நிறுத்திவிட்டு, முன்சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கிடந்தார். வெயில் இறங்கும்வரை ஒரு முறைகூட அவர் ஹாரன் அடிக்கவில்லை.

அந்த வெள்ளைக் கார் கைமாறிப் பல வருஷம் ஆகிறது. ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். காரியாபட்டி வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள், அம்மாவும் இல்லை. போன மாதம் நான் ஒரு கார் வாங்கினேன். விலையெல்லாம் போனிலேயே தெரிந்துவிட்டது; பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. வண்டியைக் காட்டிய பையன் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, நான் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்த்தேன்.

"ஓட்டப்போறது நீங்கதானே மேடம்? முன்னாடி உக்காந்து பாருங்க."

"பாக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.