பாவாயி செய்த சாமி

சாமிக்காக இல்லாமல், ஒரு மனிதர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக நீங்கள் கடைசியாக எப்போது செருப்பைக் கழற்றினீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அதற்குள் பாவாயியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் மஞ்சக்குட்டை வரைக்கும் பஸ் போகும். அதற்கு மேல் எஸ்டேட் வேலியை ஒட்டி ஏறினால் சாமைக்காடு என்ற சிற்றூர். முப்பது வீடுகள் இருக்கும். பாவாயி பிறந்ததும் வாக்கப்பட்டதும் அதே ஊரில்தான். பிறந்த வீட்டுப் பலாமரத்தின் நிழல் சாயங்காலத்தில் புகுந்த வீட்டுக் கூரையைத் தொடும். தாவணி போட்ட வயதிலிருந்து காப்பிப் பழம் பறித்தார். கணக்கெழுதும் ரைட்டர் எடையில் அடித்தது போக மீதியைக் கூலியாக வாங்கினார். பிறகு எஸ்டேட்டைப் பிரித்து விற்றார்கள். காப்பிச் செடி இருந்த இடத்தில் நீச்சல்குளம் வைத்த விடுதி வந்தது. அங்கே பழம் பறிக்க ஆள் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் சேலத்துக்காரரான சந்திரசேகர் வந்தார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மன அமைதி தேடி மலையேறியவர். தேடியது கிடைத்ததும் அதை விற்க ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் ஓர் அலுவலகம் போட்டார். ‘அரைநாள் ஆன்மிக மலைநடை’ என்று பெயர். காலையில் ஒண்டிக்கடையில் ஜீப் ஏறி மஞ்சக்குட்டையில் இறங்க வேண்டும். மிச்சமிருக்கும் காப்பித் தோட்டம் வழியாக நடந்து, வழியில் ஓர் ஊற்றங்கரையில் இளைப்பாறி, புல்மேடு ஏறி, உச்சியில் இருக்கும் பாறையய்யன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மதியம் சாமைக்காட்டுக்கு இறங்கிச் சாமைச்சோறு சாப்பிட வேண்டும். அரிசி வாங்க வழியில்லாதபோது ஊர் தின்ற சோறு அது. இப்போது சர்க்கரை நோயுள்ள கனவான்கள் அதைப் படமெடுத்துவிட்டுத் தின்கிறார்கள்.

இந்த நடைக்கு வழிகாட்டி பாவாயி. சேலைக்கு மேல் ஒரு பச்சை பனியன், கழுத்தில் ஒரு விசில். விறகுச் சுமையோடு வாழ்நாளெல்லாம் ஏறி இறங்கிய பாதையில், சுமையே இல்லாமல் நடப்பதற்குச் சம்பளம் என்றதும் முதலில் அவர் நம்பவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த ஊற்றைப் பற்றி. ஒரு பெரிய பாறைக்கு அடியில் சுரந்து முழங்கால் ஆழத்துக்குத் தேங்கி நிற்கும். அதிலிருந்து ஒரு கறுப்பு ஓஸ் கிளம்பி, செடிகொடிக்குள் வளைந்து, கீழே சாமைக்காட்டின் சிமெண்டுத் தொட்டியில் போய் விழும். ஊருக்குக் குடிதண்ணீர் அதுதான். போர்வெல் ஒன்றும் இருக்கிறது. பங்குனி பிறந்தால் காற்றை மட்டும் தரும்.

நடந்து களைத்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நனைக்கத் தோன்றும். ஊர் குடிக்கும் தண்ணீர், காலை விடாதீர்கள் என்று பாவாயி ஒவ்வொரு தடவையும் சொன்னார். அவர்களும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டுக் காலை விட்டார்கள். முகத்துக்குச் சோப்பு போட்டார்கள். ஒரு நாள், வழியில் எருமைச் சாணியை மிதித்துவிட்ட ஒருவர் குந்தி உட்கார்ந்து தன் புது ஷூவை அந்தத் தேக்கத்துக்குள்ளேயே முக்கித் தேய்க்க ஆரம்பித்தார்.

“ஏனுங்க, அது எங்கூரு சனம் குடிக்கிற தண்ணிங்க.”

“ஓடுற தண்ணிதானேம்மா, போயிடும்.”

அவர் சொன்னது உண்மை. போயிடும். ஓஸ் வழியாக நேராகப் பாவாயி வீட்டுச் சோற்றுப்பானைக்குப் போயிடும்.

அப்போது பாவாயிக்கு என்ன தோன்றியதோ, தெரியாது. “அங்கதானுங்க சாமி கால் வெச்ச தடம் இருக்குது” என்று சொல்லிவிட்டார்.

சாணி மிதித்தவர் தீப்பட்டது போலத் துள்ளி எழுந்தார். காலில் கிடந்த இன்னொரு ஷூவையும் கழற்றித் தூர வைத்தார். கைகூப்பினார். தான் கலக்கிய அதே தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். எந்தச் சாமி என்று பயபக்தியோடு கேட்டார். பாவாயி உச்சியைக் காட்டினார். மேலே போகும்போது இங்கேதான் கால் கழுவினார் என்றும் சேர்த்துக்கொண்டார். முப்பது வீடு குடிக்கும் தண்ணீரில் சாமியே கால் கழுவலாமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

அன்றிலிருந்து ஒரு கால்கூடத் தண்ணீருக்குள் இறங்கவில்லை. சோப்பு நுரை நின்றது. சாயங்காலம் தொட்டியடியில் ஊர்ப் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாவாயியின் நாத்தனார் கனகாவுக்குத்தான் கொண்டாட்டம் அதிகம். மனிதர் குடிக்கிறார் என்றால் கேட்காதவர்கள் சாமி மிதித்தார் என்றதும் கேட்டுக்கொண்டார்களே, இந்த யோசனை முன்னாடியே வரவில்லையே என்று அங்கலாய்த்தார்.

சந்திரசேகர் கதையைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். மறுநாளே கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். பாவாயி கால் கழுவ மட்டும்தான் சாமியை இறக்கிவிட்டிருந்தார். இணையத்தில் சாமி ஆயிரம் ஆண்டு தவமிருந்தார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்த ஓர் அம்மாளுக்கு முழங்கால் வலி போய்விட்டது. பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் அரைநாள் நடந்திருந்தார். பாராட்டு காலுக்குப் போகவில்லை, ஊற்றுக்குப் போனது.

பாவாயி நாத்திகர் இல்லை. பாறையய்யனுக்கு வருடம் தவறாமல் பொங்கல் வைப்பவர். ஆனால் இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டதில்லை. “மேல இருக்கறது எங்க சாமி. ஊத்துல இருக்கறது எம்பட சாமி, நாஞ் செஞ்சது” என்று கனகாவிடம் சொல்வார். பெரிய மடங்களில்கூட இவ்வளவு தெளிவு கிடைப்பதில்லை.

இப்படி வந்தவர்களில் ஒருவர் செல்வராஜ். சேலத்தில் பெரிய பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஊற்றுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பிய மாதம் அவருக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. அது கல்யாண மாதம் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நன்றிக்கடனாகத் தீர்த்தக் கமிட்டி ஒன்றைத் தொடங்கித் தலைவரும் ஆனார். ஊற்றைச் சுற்றி டைல்ஸ் ஒட்டினார்கள். இரும்புக் கிரில் எழுந்தது, கேட் வந்தது, பூட்டு வந்தது, காவலுக்கு ஓர் ஆளும் வந்தார். சீட்டு வாங்கினால் உள்ளே போய்க் கும்பிடலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் தீர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்தக் கறுப்பு ஓஸைப் பிடுங்கிச் சுருட்டி வெளியே போட்டார்கள். தீர்த்தத்தை ஓஸில் கொண்டுபோய் பாத்திரம் கழுவுவதா என்று செல்வராஜ் மனம் நொந்தார். குடத்தோடு ஏறிவந்த பெண்களைக் காவலர் கேட்டில் மறித்தார். குளித்தாயா, வீட்டுக்குத் தூரமா, அடுப்படியில் வைத்த குடமா என்று கேள்வி கேட்டார். குடம் விற்றுப் பணக்காரரானவரின் கோயிலுக்குக் குடம் தீட்டாகிவிட்டது. ஊரார் கொடுத்த புகாரை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நீண்ட நேரம் கும்பிட்டார். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்.

பங்குனி பிறந்தது. போர்வெல்லில் காற்று வந்தது. சாமைக்காட்டுப் பெண்கள் சரிவில் வெகுதூரம் இறங்கி, காப்பிப்பழம் அலசிய கழிவுநீர் கலக்கும் ஓடையில் மொண்டு வந்தார்கள். வெளுத்த துணியை நனைத்தால் பழுப்பாகும் தண்ணீர். கனகாவின் சின்னப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, குழந்தை துவண்டுபோயிற்று. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்ன நர்சம்மாவிடம், அதைக் கரைக்க எந்தத் தண்ணீர் என்று கேட்க கனகாவுக்கு வாய் வரவில்லை. பாவாயியிடம் வந்தது.

“ஏனண்ணி, அத்தாப்பெரிய சாமிய உண்டாக்கத் தெரிஞ்சுது. அந்தப் பூட்டுக்கு ஒரு சாவிய உண்டாக்க மறந்துட்டீங்களே.”

கமிட்டி நடத்தும் பௌர்ணமி பூசையன்று பாவாயி ஊற்றடிக்குப் போனார். செல்வராஜ், சந்திரசேகர், கமிட்டிக்காரர்கள், சேலத்து பக்தர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் நடந்ததைச் சொன்னார். சாணி, ஷூ, சோற்றுப்பானை எதையும் விடவில்லை. “அத்தனையும் பொய்யிங்க. நாந்தானுங்க சொன்னேன். எங்க தண்ணிய உட்டுருங்க.”

கூட்டம் செல்வராஜின் முகத்தைப் பார்த்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. புன்னகைத்தார்.

“நீ பொய்யின்னு நெனைக்கறம்மா. அந்தப் பொய்ய உன் நாக்குல கொண்டாந்து வெச்சது யாரு?”

உண்மையை இவ்வளவு சுலபமாகக் கொல்ல முடியும் என்று பகுத்தறிவு மேடைகளில் பேசிப் பழகிய எனக்கே அன்றுவரை தெரியாது. பக்தர்கள் மெய்சிலிர்த்தார்கள். சாமி முதலில் பேசியது இந்த அம்மாவின் வாயில்தான் என்று செல்வராஜ் அறிவித்து, பாவாயிக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடையோடு கேட்டுக்கு உள்ளே போன பாவாயி ஒரு குடம் மொள்ளலாமா என்று கேட்டார். அது முடியாது என்றார்கள்.

ஊர் கூடி யோசித்தது. சாமி உன் வாயில்தான் பேசுகிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், அப்படியானால் பேச வை என்றார்கள். பாவாயிக்கு மனமில்லை. ஒரு பொய் பட்ட பாடு போதாதா என்றார். ஆனால் வயிற்றுப்போக்கு நிற்பதும் திரும்புவதுமாக இருந்த கனகா குழந்தையின் குழிவிழுந்த கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த பௌர்ணமிக்குப் போனார். சாமி கனவில் வந்து கேட்டைத் திறந்துவிடச் சொன்னார் என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

செல்வராஜின் புருவம் ஏறியது. “ஆதாரம் இருக்குதா?” என்றார்.

இந்த மலை தோன்றிய நாளிலிருந்து சாமிக்கு ஆதாரம் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். நான் வாழ்நாளெல்லாம் மேடையேறி மக்களைக் கேட்கச் சொன்ன கேள்வி அது. அதைச் செல்வராஜின் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. சொந்தத் தேவைக்குச் சாமி பெயரை இழுப்பது பாவம் என்றும் அவர் பாவாயிக்கு அறிவுரை சொன்னார். தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் சாமி பேசியதாகும். வேண்டும் என்று சொன்னால் பாவாயி பேசியதாகும்.

அதற்குப் பிறகு பாவாயி பொய்யை அடியோடு விட்டார். மலைநடைக்கு வரும் ஒவ்வொரு கூட்டத்தையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, இது எப்படித் தீர்த்தமாயிற்று என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். அபசகுனமான வழிகாட்டி என்று இணையத்தில் ஒருவர் எழுதிவைத்தார். சந்திரசேகர் கூப்பிட்டனுப்பினார்.

“பாவாயிக்கா, நீங்க கதைய மட்டும் சொல்லுங்க. உண்மையெல்லாம் கெஸ்ட்டுக்கு எதுக்கு?”

“உண்மைக்குத் தனியாக் காசு கேக்கலீங்களே சார்.”

இன்னொரு புகார் வந்தால் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் சந்திரசேகர். பாவாயி சரிங்க என்றார். திரும்பி வரும் வழியில் கேட்டில் எழுதியிருந்த விதியை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சீட்டு வாங்கியவருக்கு ஒரு பாட்டில். பாட்டில் எவ்வளவு பெரியது என்று எழுதவில்லை. தீர்த்தத்தை எங்கே கொண்டுபோய் ஊற்ற வேண்டும் என்றும் எழுதவில்லை.

மறுநாள் வந்த கூட்டத்திடம் விஷயத்தைச் சொல்லி, உள்ளே போய்ப் பாட்டில் நிறையப் பிடித்து வாருங்கள் என்றார். கும்பிட்டவர்களும் பிடித்தார்கள், கும்பிடாதவர்களும் பிடித்தார்கள். உச்சிக்கு ஏறி இறங்கி, மதியம் சாமைச்சோற்றுக்கு உட்காரும் முன் எல்லோரும் ஊர்த் தொட்டியடியில் நின்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் மூடியைத் திறக்கத் தயங்கினார். தீர்த்தத்தைப் பொதுத்தொட்டியில் கொட்டினால் பாவம் வராதா என்றார்.

“தண்ணிக்கு ஏனுங்க பாவம்? அதுக்கு எறங்கி வாரது ஒண்ணுதானே தெரியும்” என்றார் பாவாயி. பெரியவர் ஊற்றினார்.

அன்று தொட்டியின் அடி மட்டும் நனைந்தது. ஊர்க் குழந்தைகளுக்குக் குடிக்க அது போதுமானதாக இருந்தது. கனகா முதல் சொம்பை மொண்டு உப்பும் சர்க்கரையும் கரைத்தார். அந்த வாரம் அவருடைய பெண் எழுந்து நடந்தாள்.

இதைப் படித்து மனம் நெகிழாதீர்கள், எனக்குக் கோபம் வரும். தங்கள் பாறையில் சுரக்கும் தண்ணீரை ஓர் ஊர் சுற்றுலாக்காரர்களின் தயவில் பாட்டில் பாட்டிலாகப் பெறுவது அழகான கதையில்லை, அசிங்கம். பூட்டைத் திறந்து ஓஸை மறுபடி மாட்டச் சொல்லி சாமைக்காட்டார் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். வெளியூர் பக்தர்கள் மனம் புண்படுமே என்று அதிகாரிகள் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த வெளியூர் பக்தர் நீங்கள்தான். உங்கள் மனத்தைக் காட்டித்தான் அங்கே பூட்டுத் தொங்குகிறது.

விசில் இன்னும் பாவாயியிடம்தான் இருக்கிறது, எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. அதனால் சீக்கிரம் போங்கள். கிடைப்பதிலேயே பெரிய பாட்டிலாகக் கொண்டுபோங்கள். கீழே இறங்கி ஊற்றிவிட்டு, சோற்றில் கை வைக்கும் முன் அந்த மனுவைக் கேட்டு வாங்கி, என் மனம் புண்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.