வெள்ளிக்கிழமைப் பெருக்கல்

நைனா கொத்தனார் வேலைக்கு மஸ்கட் போன வருடம் நான் நான்காம் வகுப்பு. இரண்டிலக்கப் பெருக்கல் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். ஆனாலும் விடை வேறு ஏதோ ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி, ஏரியை ஒட்டிய தெரு எங்களுடையது. வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வெள்ளிக்கிழமை நைனாவுக்கு விடுமுறை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றும்போது அவருடைய போன் வரும். ஆடு குட்டி போட்டது, ஏரி நிரம்பியது, கூரை ஒழுகுவது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அம்மா போனை என்னிடம் கொடுப்பாள். சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன். பள்ளிக்கூடம் போனாயா என்பார், போனேன் என்பேன். அதோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிடும். ஊரில் இருந்தபோதும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து போவேன், அவ்வளவுதான். போனில் சைக்கிள் ஓட்ட முடியாதே.

ஒரு வெள்ளிக்கிழமை, சொல்ல வேறெதுவும் இல்லாமல், பெருக்கல் வரவில்லை என்று சொல்லிவைத்தேன். அவர் குரல் நிமிர்ந்துவிட்டது. நாற்பத்தேழை முப்பத்தாறால் பெருக்கச் சொன்னார்.

"பொறுமையா போடு பாப்பா. நான் லைன்லயே கீறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, கீழே குப்புறப் படுத்துக்கொண்டு போட்டேன். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்குக் கணக்கு வரும். ஆறேழு நாப்பத்திரெண்டு, ரெண்டு போட்டு நாலு கையில. நடுவில் ஆடு கத்தும், குக்கர் விசில் அடிக்கும். அது என்ன சத்தம், எந்த ஆடு என்று அவர் கேட்பார். கணக்கில் கவனமில்லாத ஆள் என்று எனக்கு எரிச்சலாக வரும். கடைசியில் நானூற்று இருபத்துமூன்று என்றேன். கரெக்ட்டு என்றார் நைனா. அதன்பிறகு வாராவாரம் ஒரு கணக்கு கொடுத்தார். வாராவாரம் எனக்குக் கரெக்ட்டு.

அம்மாவின் தம்பி ஒருநாள் வந்திருந்தபோது என் விடைகளைத் தன் செல்போனில் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூடச் சரியில்லை. நாற்பத்தேழு முப்பத்தாறு, ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டாம். மாமா சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை, சாப்பிட்டாயா என்று நைனா கேட்பதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

"நீ கணக்கு போட்டுப் பாத்துதான் கரெக்ட்டுன்னு சொன்னியா நைனா?"

"எனக்கு அந்தக் கணக்கு தெரியாது பாப்பா. நீ சொல்லிக்கினே போடுவ இல்ல, அத்தக் கேட்டுக்கினு இருந்தேன்."

இது ஒரு பதிலா என்றிருந்தது எனக்கு. தெரியாதவர் எதற்குக் கணக்கு கொடுக்க வேண்டும்? மறுவாரம் மதியம், சத்துணவுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கணக்கு நோட்டோடு நேராக டீச்சரிடம் போய் நின்றேன். அவர் முப்பத்தாறில் உள்ள மூன்றின்மேல் விரலை வைத்து, இது மூன்றா முப்பதா என்று கேட்டார். முப்பது என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது வரியை நான் மூன்றால் பெருக்கி அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பூஜ்யம் போட்டுத் தள்ளி எழுத வேண்டும்.

அந்த வாரமே நைனாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். அவர் ம் கொட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த வாரமும் அந்தச் சைபர் ஏன் என்று கேட்டார். அதற்கு அடுத்த வாரமும் கேட்டார். சுவருக்கு நூல் பிடித்துக் கட்டுகிறவருக்கு இது எப்படி மண்டையில் ஏறாமல் போகிறது என்று எனக்கு ஆச்சரியம். திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அவர் மூன்றிலக்க எண்ணை மூன்றிலக்க எண்ணால் பெருக்கச் சொன்னார். கணக்கு நீள நீள, எனக்கும் வீறாப்பு ஏறியது. அம்மா கறிவேப்பிலையை உருவியபடி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

நைனா அதற்குப் பிறகும் நெடுநாள் கழித்துத்தான் ஊருக்கு வந்தார். அதற்குள் நான் அவர் சைக்கிள் கம்பியில் உட்காரும் உயரத்தைத் தாண்டியிருந்தேன்.

அவர் வருவதற்கு முன்னால், ஐந்தாம் வகுப்பில் டீச்சர் வாய்விடாமல் மனதுக்குள்ளேயே போடப் பழக்கினார். நானும் யாருக்கும் தெரியாமல் பழகிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். நைனா கணக்கைச் சொன்னார், பெரிய கணக்கு. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வராமல் போட்டு முடித்து விடையைச் சொன்னேன்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா பாப்பா?"

குரல் என்னவோ போலிருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். போனை அம்மாவிடம் நீட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடி, விளையாடிக்கொண்டிருந்த எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன், எங்கள் நைனாவே அசந்துபோய்விட்டார் என்று.