நைனாவும் சங்கத்து விண்ணப்பமும்

பி.ஏ. முடித்துவிட்டு ஆறு மாதம் நகரியில் வீட்டோடு இருந்தேன். அப்படி இருக்கும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு ஜாதகம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் திருப்பதியில் ஒரு சேவா சங்கத்தின் அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்தேன். படிப்பை முடித்த இளைஞர்களை ஒரு வருடம் வைத்துக்கொண்டு, கிராமங்களில் முதியோர் கல்வி, சுகாதாரம் போன்ற வேலைகளைப் பழக்குவார்களாம். தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்கு உதவித்தொகை. நன்றாக வேலை செய்தவர்களைச் சங்கமே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். இது கிடைக்காவிட்டால் தை மாதம் எனக்குக் கல்யாணம். அம்மா அதை ஒளிக்காமலேயே சொல்லியிருந்தாள்.

விண்ணப்பத் தாள் தபாலில் வந்தது. பெயர், வயது, படிப்பு எல்லாம் மளமளவென்று எழுதினேன். தாய்மொழி என்று கேட்டிருந்த இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

ஆந்திரா தனி மாநிலமாகி, சித்தூர் ஜில்லா அதோடு போயிருந்த காலம். எங்கள் பக்கம் அங்கேயே இருக்குமா, சென்னை மாநிலத்தோடு சேருமா என்பது தீரவில்லை. டீக்கடையிலும் சந்தையிலும் அதே பேச்சு, அதில் பெரிய குரல் என் அப்பாவுடையது; நைனா என்று கூப்பிடுவேன். சந்தை சந்தையாகத் துண்டும் லுங்கியும் கூவி விற்பவர். தொண்டையை வைத்துப் பிழைத்தவர். எங்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லிப் போன மனுவில் தான் கையெழுத்துப் போட்டது போதாதென்று, தெரு முழுக்கப் போட வைத்தார்.

சங்கத்துக் கமிட்டியில் எல்லாரும் தெலுங்கு பேசுகிறவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தமிழ் என்று எழுதினால், நாளைக்கு வேறு மாநிலத்துக்குப் போகிற பெண்ணுக்கு எதற்கு இடம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லாததற்கெல்லாம் சேர்த்துப் பயந்தோம். திருப்பதியில் ஹாஸ்டலில் இருந்து படித்தவள் நான்; என் தெலுங்கில் குறை கண்டுபிடிக்க முடியாது. தெலுங்கு என்றே எழுதி, உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோதுதான் சிக்கல் உறைத்தது. துணைக்கு நைனா வருவார். அவருடையது சந்தைத் தெலுங்கு. விலை சொல்வதைத் தாண்டினால் மூன்றாவது வார்த்தை தமிழாகிவிடும். அவரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அதான் எழுதிட்டியே. இப்ப நான் இன்னா பண்ணணும், அத்தச் சொல்லு,” என்றார்.

“அங்க வந்து யார்கிட்டயும் பேசாத நைனா. ஒரு வார்த்தகூட.”

“சரிம்மா.”

சங்கத்துக் கட்டடத்தின் வராந்தாவில் அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். மூன்று பேர் இருந்தார்கள். இந்த வேலைக்கு ஏன் ஆசைப்படுகிறாய் என்று கேட்டதற்கு, ஏழை எளியவர்களுக்கு உழைக்கப்போவதாக முழ நீளத்துக்குச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பயந்து வந்தேன் என்றா சொல்ல முடியும்? முடிந்ததும் அவர்களில் ஒருவரான சங்கத்துக் காரியதரிசி என்னோடு வெளியே வந்தார். நல்ல மனிதர். நைனாவைக் கும்பிட்டு, பயணம் சௌகரியமாக இருந்ததா என்று தெலுங்கில் விசாரித்தார். நைனா எழுந்து கைகூப்பினார். காரியதரிசி மறுபடியும் கேட்டார். நைனா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தன் வாயைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

“பாபம், மாட்டலு ராவா?” பேச்சு வராதா என்று காரியதரிசி என்னிடம்தான் கேட்டார்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.

இந்த நிலைமையிலும் பெண்ணை இவ்வளவு படிக்க வைத்திருக்கிறாரே என்று அவர் நைனாவின் தோளைத் தொட்டார். எனக்கு இடம் கிடைத்தது. என் பதில்களுக்காகவா, வாயில்லாதவரின் மகள் என்பதற்காகவா என்று இன்றுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

சேர்ந்த இரண்டாவது வாரம், நகரி பக்கத்து ஊர்களுக்கு அனுப்பத் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே என்று காரியதரிசி எங்கள் எல்லாரிடமும் வருத்தப்பட்டார். அந்த ஊர்ச் சந்தைகளில் நைனாவின் குரலைத் தெரியாதவர் இல்லை; கை தூக்கினால் இரண்டு பொய்களும் சேர்ந்து வெளியே வரும். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெலுங்கு பேசும் புத்தலப்பட்டுப் பக்கம் அனுப்பினார்கள்.

அந்த வருடம் நைனா என்னைப் பார்க்க வரவே இல்லை. திருப்பதியை ஒட்டியிருக்கும் திருச்சானூர்த் திருவிழாவுக்கு மூட்டையோடு வந்து, நாள் முழுக்கக் கூவி விற்றுவிட்டு, அப்படியே திரும்பிப் போயிருக்கிறார். நான் அந்த வாரம் திருப்பதியில்தான் இருந்தேன். அம்மாவின் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

வருட முடிவில் சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்கு, கட்டாயம் வர வேண்டும் என்று காரியதரிசியே நைனாவுக்கு எழுதிவிட்டார். வந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். காரியதரிசியின் மனைவி பந்தியில் அவரிடம் வந்து, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று சைகையில் கேட்டார். நைனா இலையை மறைத்து, வயிற்றைத் தட்டிக்காட்டி, கும்பிட்டார். ஊமை வேஷத்தில் நன்றாகத் தேறியிருந்தார். நிரந்தர வேலைக்கு என் பெயரைப் படித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் நானும் அவரும் ஊருக்குப் பஸ் ஏறினோம். புத்தூர் தாண்டியும் அவர் வாய் திறக்கவில்லை. கோபம்தான் என்று நினைத்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஏதாச்சும் பேசு நைனா. திட்டவாச்சும் திட்டு,” என்றேன்.

அவர் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“மெதுவாம்மா. உங்க ஆபீசு ஆளு யாராச்சும் வண்டியில வந்துகினு இருப்பாங்க. நல்ல வேல, கெடுத்துக்காத. ஊரு வரட்டும்.”