ஒன்பதாம் மாடிக்கு ஏறாத பசு

மலேசியாவின் கிள்ளானில் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கியிருக்கும் மலர்விழியைப் பற்றி அவளுடைய சொந்தக்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் அரை நாள் போய்விடும். திமிர் பிடித்தவள், பெரியவர்களை மதிக்காதவள், குருக்களை வாசலோடு திருப்பி அனுப்பிய மகராசி என்று ஆளுக்கொரு பட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர், அன்றைக்கு அவளைத் திட்டிக்கொண்டே கீழே இறங்கிப் போய், அவள் காசில் செய்த கேசரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர்கள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் பத்தொன்பது வருடமாகச் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறாள். சேர்ந்த புதிதில், பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட ஆண்கள்தான், இன்றைக்கு லோரியின் உள்மூலையில் சரக்கு மாட்டிக்கொண்டால் "மலர் அக்காவைக் கூப்பிடு" என்கிறார்கள். அப்பா வேலாயுதம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் போன பிறகு, பண்டமாரானில் அண்ணன் சுகுமாறன் வீட்டுப் பின்னறையில் அம்மா நல்லம்மாளோடு இருந்தாள். அண்ணன் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கும் டியூஷனுக்கும், காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்கும் ஏற்றி இறக்கியது அவள்தான்.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. வந்தது, ஜாதகத்தில் செவ்வாய் இருக்கிறது என்று போனது, மறுபடி வந்தது. முப்பத்து நாலாவது வயதில் கடைசியாக ஒருவர் வந்தார். எல்லாம் பிடித்திருக்கிறது, அந்த வேலையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் என்றார். மலர்விழி காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வேலையை விடுகிற எண்ணமில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் போனதும் அண்ணனிடம், இனிமேல் யாருக்கும் காப்பி கொண்டுவந்து தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அன்றிலிருந்து குடும்பத்தில் அவளுக்கு ஒரு புது இடம் கொடுத்தார்கள். அடுப்படி இடம். விசேஷம் என்றால் முதல் நாளே வந்து காய் நறுக்க வேண்டும், விருந்தாளிகளைக் காரில் ஏற்றி வர வேண்டும், குத்துவிளக்கைத் துலக்க வேண்டும். ஏற்றும்போது மட்டும் அவள் பின்வரிசைக்குப் போய்விட வேண்டும். யாரும் போ என்று சொல்லமாட்டார்கள். ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு அவளும் பன்னிரண்டு வருடம் பணிந்துதான் போனாள், பொய் சொல்வானேன். மனதுக்குள் எரியும். ஆனாலும் ஊரோடு ஒத்துப்போய்விடலாம் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

பிறகு வீடு வாங்கினாள். வங்கியில் இருந்த மலாய்க்காரப் பெண் அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் கேட்டாள், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னாள். புருஷன் எங்கே என்று கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து மலர்விழி கால் மணி நேரம் சிரித்தாள்.

கிரகப்பிரவேசத்தைத் தானே முன்னின்று நடத்துவதாக சுகுமாறன் சொன்னபோது அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. குருக்களைப் பேசுவதும் சமையலுக்கு ஆள் சொல்வதும் என்றுதான் அதற்கு அவள் பொருள் எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்கு முன்னால் அண்ணி புஷ்பவள்ளி போன் செய்து, உன் வீட்டுச் சுவர் என்ன நிறம், நான் உட்காரும்போது எந்தச் சேலை எடுப்பாக இருக்கும் என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கலசத்தோடு முதலில் உள்ளே நுழைவது ஒரு தம்பதி. ஓமத்தில் உட்காருவது அந்தத் தம்பதி. பால் காய்ச்சுவது அந்தத் தம்பதியில் பெண். தனியாக இருக்கிற பெண் உட்காரக் கூடாதாம். அதனால் அண்ணனும் அண்ணியும் உட்காருவார்களாம். வீட்டுக்காரி வேண்டுமானால் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

மலர்விழி உடனே அண்ணனைக் கூப்பிட்டு, என் வீட்டில் நான்தான் உட்காருவேன் என்றாள். சுகுமாறன் சண்டைக்கு வரவில்லை. "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றான். நம் குடும்பங்களில் ஓர் அண்ணன் பாத்துக்கலாம் என்று சொன்னால், நீ சொல்வது நடக்காது என்றுதான் பொருள். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மலர்விழி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் நேரம் குறித்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் அட்டை இல்லாமல் லிஃப்ட் மேலே ஏறாது. அட்டை மலர்விழியிடம் ஒன்றுதான் இருந்தது. ஐந்தரை மணியிலிருந்து அவளே கீழே போய்ப் போய் ஆட்களை மூன்றும் நான்குமாக மேலே கூட்டி வந்தாள். ஆறாவது தடவை போனபோது அண்ணன் பட்டு வேட்டியிலும், அண்ணி கூறைச் சேலையிலும், கையில் கலசத்தோடும் நின்றார்கள். மலர்விழி அட்டையைத் தட்டி அவர்களையும் மேலே கூட்டி வந்தாள்.

மேலே குருக்கள் ஏற்கெனவே வந்திருந்தார். நல்ல மனிதர்தான், சுறுசுறுப்பானவர், ஒன்பது மணிக்குச் செராஸில் இன்னொரு வீடு இருந்ததால் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. பசுவையும் கன்றையும் முதலில் வீட்டுக்குள் நடத்த வேண்டும் என்பது முறை. ஒன்பதாம் மாடிக்குப் பசு ஏறுமா? கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா ஆட்டுக்குட்டியைக்கூட உள்ளே விடமாட்டான். அதனால் பிரிக்பீல்ட்ஸ் கடையில் கையளவு பித்தளைப் பசுவும் கன்றும் வாங்கி வரச் சொல்லியிருந்தார். அது தாம்பாளத்தில் பொட்டு வைத்துக்கொண்டு தயாராக நின்றது. நடைபாதையில் பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்று நிர்வாகத்தார் எழுதி ஒட்டியிருந்தார்கள். கத்தியால் வெட்டிக் குங்குமம் தடவி பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் போதும் என்றார். புகை கிளம்பினால் அலாரம் அடிக்கும் என்பதால் ஓமத்தைப் பால்கனியில், நாலு சுள்ளியில் முடித்துவிடலாம் என்றார். நிலையில் தொங்கிய மாவிலைத் தோரணம் பிளாஸ்டிக். அதையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. இருபது பேர் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சாவி மலர்விழி கையில் இருந்தது. சுகுமாறன் கலசத்தைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"நீ கதவ தொறந்து விட்டுட்டு ஒதுங்கிக்கம்மா. மொதல்ல நாங்க போகணும்."

"அண்ணே, நான் அன்னைக்கே சொன்னேன்."

"நேரம் போகுது மலரு. இங்க வச்சிப் பேசுற பேச்சா இது?"

எல்லாரும் அவளை அந்தப் பார்வை பார்த்தார்கள். பன்னிரண்டு வருடமாக அவளைப் பின்வரிசைக்குத் தள்ளிய அதே பார்வை. இந்தத் தடவை அவள் நகரவில்லை. அம்மா நல்லம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். ஒரு மணி நேரக் காரியம்தானே, அண்ணன் உட்கார்ந்தால் வீடு என்ன அவன் பேருக்கு மாறிவிடுமா, ஊர் வாயை மூடப் பார் என்று காதோரம் கெஞ்சினாள். மாறாதுதான். ஆனால் மாறாத ஒன்றுக்கு ஏன் இத்தனை பேர் இப்படி ஒற்றைக் காலில் நிற்கிறார்கள் என்று மலர்விழிக்குத் தோன்றியது. தன் வீட்டுக்குள் முதல் தடவையே ஒதுங்கி நின்று நுழைந்தால், பிறகு அங்கே இருக்கப்போகிற நாளெல்லாம் ஒதுங்கித்தான் இருக்க வேண்டியிருக்கும். அவள் குருக்கள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"சாமி, பசு லிஃப்டுல ஏறாதுன்னதும் பொம்மை போதும்னீங்க. பூசணிக்கா ஒடைக்க முடியாதுன்னதும் வெட்டுனா போதும்னீங்க. அலாரம் அடிக்கும்னதும் ஓமத்த பால்கனிக்கு தள்ளுனீங்க. மேனேஜ்மெண்ட் ஒரு காகிதத்துல எழுதி ஒட்டுனதுக்கெல்லாம் சாஸ்திரம் வளைஞ்சு குடுத்துச்சு. நான் தனியா உக்காரறதுக்கு மட்டும் அது வளையாதா?"

குருக்களுக்கு முகம் சுண்டிப்போனது. மாடு வேறு, மனுஷர் வேறு என்று ஏதோ தொடங்கினார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நாளைக்கு உங்க வீட்டுல எதாச்சும் ஒண்ணுன்னா என்னைத்தான சொல்லுவாங்க" என்றார் தாழ்ந்த குரலில். அன்று காலை அங்கே பேசப்பட்டதில் அது ஒன்றுதான் உண்மையான பேச்சு. மலர்விழிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தட்சணைத் தட்டை அவரிடமே கொடுத்து, கும்பிட்டு, நீங்கள் செராஸுக்கு நேரத்தோடு போங்கள் சாமி, இந்த வீட்டுக்கு என்ன வந்தாலும் என்னைச் சொல்லட்டும் என்று அனுப்பிவைத்தாள்.

பிறகு கதவைத் திறந்தாள். பித்தளைப் பசுவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பதில் சொந்தக்காரர்களுக்குள் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. அவளைக் கேட்டால், கவனிக்கவில்லை என்பாள்.

சுகுமாறன் கலசத்தை நடைபாதையிலேயே வைத்தான். பெற்றவளும் கூடப்பிறந்தவனும் வேண்டாம் என்றாகிவிட்ட பிறகு இங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டுப் புஷ்பவள்ளியைக் கூட்டிக்கொண்டு நடந்தான். அவன் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். மகன் லிஃப்டுக்குள்ளிருந்து "அம்மா, வாங்க" என்றான். நல்லம்மாள் போய்விட்டாள்.

அது மலர்விழிக்கு வலித்தது. மற்றவர்கள் போனது அவளுக்கு மயிரளவும் பொருட்டில்லை; அம்மா போனது வலித்தது. அடுப்படிக்குள் போய், புது மின்னடுப்பைப் போட்டு, பாலை ஊற்றிவிட்டு அழுதாள். அழுதாளே தவிர, ஓடிப்போய் யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. பால் பொங்கி இடது பக்கமாக வழிந்தது. அடுப்பு கீச்சென்று கத்தி அணைந்துபோனது. கூடத்தில் மிச்சமிருந்த அத்தை ஒருத்தி, ஐயோ இடப்பக்கம் என்று நெஞ்சில் கை வைத்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் துணி இருந்தது. மலர்விழி எடுத்துத் துடைத்தாள்.

கீழே நாற்பது பேருக்குச் செய்து வைத்திருந்த காலைப் பசியாறல் மீந்துபோனது. ஜாகாக்களும், எதிர்வீட்டுச் சீனக் குடும்பமும், மேல்மாடி மலாய்ப் பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. அம்மா. நலம் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"பால் பொங்குச்சாடி?"

"பொங்குச்சும்மா. இடப்பக்கம் ஊத்திருச்சு."

"ஊத்துனா தொடச்சிக்கலாம்" என்றாள் நல்லம்மாள். அடுத்த சனிக்கிழமை துணிப்பையோடு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டும் போனாள்.

சொந்தக்காரர்கள் சும்மா விடவில்லை. மலர்விழியின் கார் டயர் பஞ்சரானால் அதற்கும், அவளுக்குத் தடிமன் பிடித்தால் அதற்கும் அந்தக் காலைதான் காரணம். மழைக்காலத்தில் லிஃப்ட் மூன்று நாள் பழுதாகிக் கிடந்தபோது, அன்றைக்கே சொன்னோமே என்றார்கள். அந்தக் கட்டடத்தில் இருநூறு வீடு இருக்கிறது. இருநூறு வீட்டுக்காரர்களையும் மாடிப்படி ஏற வைக்கிற அளவுக்கு தன் பாலுக்குச் சக்தி இருக்கிறதென்றால் பெருமைதான் என்று அவள் பதிலுக்குச் சொன்னாள். சுகுமாறன் ஒன்றரை வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்தான். உட்கார்ந்ததும், நீ செய்தது தப்புதான் என்று ஆரம்பித்தான். "சரிண்ணே, டீ ஆறுது" என்றாள் மலர்விழி. குடித்தான். இப்போது மாதம் ஒரு தடவை வருகிறான், தப்புதான் என்கிறான், டீ குடித்துவிட்டுப் போகிறான்.

போன மாதம் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிற தனலெட்சுமி அவளைத் தேடி வந்தாள். புருஷன் விட்டுப்போய் ஆறு வருடமாகிறது, இரண்டு பெண் பிள்ளைகள், காப்பாரில் மலிவு விலை வீடு ஒன்று கிடைத்திருந்தது. அண்ணன் தம்பி யாரும் உட்கார வரமாட்டேன் என்றுவிட்டார்களாம். நீங்கள்தான் வந்து பால் காய்ச்சித் தர வேண்டும், அக்கா கை ராசியான கை என்றாள். அவள் பணிவோடுதான் கேட்டாள். ஆனால் மலர்விழிக்கு வந்ததே கோபம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"எங்க அண்ணன் உக்கார பாத்த எடத்துல என்னைய உக்கார சொல்றியா? ஒன் கைக்கு என்ன கொறை? ஒன் வீட்டுப் பால நீ காய்ச்சு. நான் வந்து குடிக்கிறேன்."

மலர்விழி போனாள். நடைபாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு, தனலெட்சுமி தன் மகள்களோடு உள்ளே போய், உள்ளேயிருந்து கூப்பிடும்வரை வெளியிலேயே நின்றாள். குருக்கள் இல்லை, கலசம் இல்லை. மலர்விழி கொண்டுபோன பித்தளைப் பசு மட்டும் தரையில் நின்றது. அடுப்படியில் தனலெட்சுமி பாலை ஊற்றி அடுப்பைப் போட்டாள். பால் விளிம்புக்கு ஏறி வந்தபோது அவள் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, எந்தப் பக்கம் ஊத்துனா நல்லது?"

மலர்விழி தன் டம்ளரை நீட்டினாள்.

"இதுக்குள்ள."