வெந்நீரில் போட்ட சால்வை

நம் பத்மாவதி டீச்சர் போய்விட்டார் என்று பள்ளிக்கூட வாட்ச்மேன் சைக்கிளில் வந்து சொன்னபோது, நான் அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தேன். தண்ணீர் வற்றிப் பாத்திரம் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன். உங்களில் பலருக்கு அவர் கணக்கு டீச்சர். இருபது வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கும் அவர் டீச்சர்தான், அவருக்கு நானும் டீச்சர். நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை.

நெருக்கடி நிலை முடிந்த மறுவருஷம், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் கம்பளி நெசவும் ஃபெல்ட்டும் கற்றுத்தருவதாகக் கேள்விப்பட்டோம். ஃபெல்ட்டுக்குத் தறியும் வேண்டாம், நூலும் வேண்டாம். ஆட்டு ரோமத்தைப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துத் தேய்த்தே துணியாக்குவது. நாற்பதைத் தாண்டிய இருவரும் சனிக்கிழமை சாயங்காலங்களில் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் ஜைனர். முதல் நாள், "ஆட்டை வெட்டி எடுத்ததா, கத்தரிச்சு எடுத்ததான்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்றார். கேட்டேன். அந்த அம்மாள் தன் தலைமுடியிலேயே விரல்களால் கத்தரித்துக் காட்டினார். அப்புறம்தான் டீச்சர் கம்பளியைத் தொட்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். தறியில் நெடுக்கே கட்டும் பாவு இழையை எண்ணுவதற்குள் கோபம் வந்துவிடும். ஃபெல்ட்டோ துணி துவைத்த கைக்குச் சுலபமாக வந்தது. டீச்சர் நேர் எதிர். ஓர் இழை குறைந்தாலும் மொத்தத்தையும் பிரிப்பார். ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் பாதியில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவார். ஒருமுறை நான் செய்த ஃபெல்ட் பையின் வாய் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. "தறியில தப்பு பண்ணா பிரிச்சுக்கலாம் டீச்சர். இதுல பண்ணது பண்ணதுதான்" என்று சிரித்தார்.

ஐந்து மாதம் உட்கார்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு சால்வை நெய்து முடித்தார். அதை எனக்குப் போர்த்திவிட்டு, "மார்கழியில அப்படி இருமறீங்களே, போட்டுக்குங்க" என்றார். அந்த மார்கழி முழுக்க அதுதான் என் தோளில் கிடந்தது. தை பிறந்ததும் துவைத்தேன். கம்பளி என்றால் வெந்நீர், சோப்பு, தேய்ப்பு. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அலசி விரித்தால், கைக்குழந்தைக்குப் போர்த்துகிற அளவுக்குச் சுருங்கி, இழையே தெரியாமல் தடித்துக் கிடந்தது. நெய்ததை ஃபெல்ட்டாக்கிவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த குளிரில் சால்வை எங்கே என்று கேட்டார். "பெங்களூர்ல எங்க அக்கா ஆசைப்பட்டாங்க, கொடுத்துட்டேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். "அங்கதான் குளிர் ஜாஸ்தி. நல்லதுங்க" என்றார். முகம் வாடியது.

மறுவருஷம் கார்த்திகை தீபத்துக்கு அக்கா வந்திருந்தாள். டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து, "நான் நெய்த சால்வை கதகதன்னு இருக்குதுங்களா?" என்று அவளிடம் ஆசையாகக் கேட்டார். "எந்தச் சால்வை?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "வேற யாரையோ நினைச்சுக்கிட்டேன், மறதி" என்று டீச்சர் பேச்சை மாற்றினார். ஓர் இழை குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவருக்கு மறதியாம்.

அதன் பிறகு அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தறியில் அவர் மறுபடி உட்காரவும் இல்லை. சால்வை பிடிக்காமல் தூக்கிப் போட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். ஒரு திட்டு வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்கு எனக்கு இத்தனை வருஷம் போதவில்லை.

அவரை எடுப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தேன். பையில் அது இருந்தது. வெளியே எடுக்கத் துணிவில்லை.

அவரிடம் சொல்லாததை, அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். அந்தச் சால்வையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என் பெட்டியில்தான் இருக்கிறது. நேற்று ஊசியை வைத்துக்கொண்டு, ஓரத்தில் ஓர் இழையையாவது பிரிக்க முடியுமா என்று பார்த்தேன். வரவில்லை, டீச்சர்.